கோயில் முற்றத்தில் சங்கம் பேசக் கூடாதா?



போன தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. கோயில் முற்றத்தில் நின்று ஒரேயொரு அறிவித்தல் சொல்ல நினைத்தேன். புதன்கிழமை பின்னேரம் பாடசாலையில் கூட்டம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதவர்கள் கையில் இருக்கிற காகிதங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். அவ்வளவுதான். வாய் திறந்தவுடனேயே கோயில் கமிட்டியில் ஒருவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"டீச்சர், கோயில்ல சங்கக் கதை வேணாம். பூசை முடிஞ்சா எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும்."

அது எந்தக் கோயில், அவர் யார் என்பது முக்கியம் இல்லை. இந்தப் பேச்சை நீங்களும் உங்கள் தோட்டத்தில் கேட்டிருப்பீர்கள். வேதக் கோயிலில் மட்டுமல்ல, மாரியம்மன் கோயில் வாசலிலும் கேட்டிருப்பீர்கள். ஆளுக்கு நான் பதில் எழுதவில்லை. அந்தப் பேச்சுக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

ஏப்ரல் விடுமுறைக்கு ஜெயபுரத்துக்குப் போனேன். கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிப் பிரதேசத்தில் இருக்கிற ஊர். அங்கே இருப்பவர்களில் நிறையப் பேர் நம் சனம். 1977இலும் 1983இலும் கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு, துணி மூட்டையோடு வன்னிக்குப் போனவர்கள். காட்டை வெட்டி, கிணறு தோண்டிக் குடியேறினார்கள். அங்கேயும் சிலர் அவர்களைத் "தோட்டக்காட்டார்" என்று சொல்லித் தள்ளி வைத்தார்கள். 2008இல் யுத்தம் அந்தப் பக்கம் வந்தபோது மறுபடியும் மூட்டை கட்டினார்கள். கிழக்கே முள்ளிவாய்க்கால் வரைக்கும் நடந்து, பிறகு மெனிக் பாம் முகாமில் இருந்து, ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால் கூரையும் இல்லை, கதவும் இல்லை.

என் அத்தை ஒருத்தி அங்கே இருக்கிறாள். 1983இல் மாமாவோடு போனவள். மாமா இறந்த பிறகு காணியைத் தன் பேருக்கு மாற்றப் போனாள். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், விவாகச் சான்றிதழ் கேட்டார்கள். இரண்டும் இல்லை. ஒன்று மலையிலேயே போனது, இன்னொன்று முள்ளிவாய்க்காலில் போனது. ஞாயிறு பூசைக்கு அவளோடு போய்விட்டு நடந்து வரும்போது சொன்னாள்:

"நான் பொறந்ததுக்கும் கட்டுனதுக்கும் அந்த மலைக்கோயில் புத்தகந்தான் தாயி சாட்சி. வேற எங்கயும் என் பேரு இல்ல."

அவள் சொன்ன மலைக்கோயில், என்னைப் பேச விடாத அதே கோயில்.

விடுமுறை முடிந்து வந்ததும் பங்குத்தந்தையிடம் போனேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அலுமாரியைத் திறந்து பழைய புத்தகங்களை எடுத்தார். அரை மணித்தியாலத்தில் அத்தையின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. விவாகப் பதிவும் கிடைத்தது. தேதி, தகப்பன் பேர், தாய் பேர், தோட்டத்தின் பேர், ஞானத்தாய் பேர் எல்லாம் இருந்தன. தேதியும் இடமும் தெரிந்தால் பதிவுப் பிரதிக்கு விண்ணப்பம் போடலாம். பிறப்பே பதியப்படாதவர்களுக்குக் காலங்கடந்து பதியும்போது ஞானஸ்நானச் சான்றிதழ் ஒரு சாட்சிப் பத்திரமாக எடுக்கப்படுகிறது. அத்தையின் காணி இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் வழி திறந்திருக்கிறது.

இப்போது அந்தக் கமிட்டிக்காரரிடம் கேட்கிறேன். அந்தப் புத்தகத்தைத் திறந்தது கோயில் வேலையா, சங்க வேலையா? பிரித்துச் சொல்ல முடியுமா?

நம் சனத்துக்குக் காகிதம் என்றால் என்ன என்று யாரும் படித்துத் தர வேண்டியதில்லை. 1948இல் ஒரு சட்டம் வந்து நம்மை நாடற்றவர்களாக ஆக்கியது. 1949 சட்டத்தில் பிரஜாவுரிமை கேட்டவர்களிடம், 1946 ஜனவரி 1க்கு முன் கல்யாணம் கட்டியவர் என்றால் 7 வருடம், கட்டாதவர் என்றால் 10 வருடம் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததை நிரூபி என்றார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்து லயத்துக் காம்பராவில் செத்தவன் எதைக் காட்டுவான்? 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை அங்கே, 3,00,000 பேரை இங்கே என்று பங்கு பிரித்தார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை என்று சட்டம் வர 2003 ஆனது. இத்தனை வருடமும் நம் பேர் எழுதப்பட்ட புத்தகங்கள் இரண்டு. ஒன்று துரையின் செக்ரோல். மற்றது கோயில் பதிவேடு. செக்ரோலில் அரைப் பேர் போட்டால் சண்டை போடச் சங்கம் இருக்கிறது. கோயில் பதிவேட்டில் இருக்கிற முழுப் பேரை வெளியே கொண்டுவந்து உரிமை கேட்பதற்கு மட்டும் ஏன் சங்கம் இருக்கக் கூடாது?

"கோயில் புனிதமான இடம், போராட்டம் வேறு" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் ஜெயபுரத்திலிருந்து கொஞ்ச தூரம் கடற்கரைப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். முழங்காவிலுக்குப் பக்கத்தில் இரணைமாதா நகர் இருக்கிறது. அங்கே இருக்கும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் 1992இல் இரணைதீவை விட்டு இடம்பெயர்ந்தவை. யுத்தம் முடிந்த பிறகும் கடற்படை தீவை விடவில்லை. 2017 மே 1ஆம் திகதி, நம் தொழிலாளர் தினத்தன்று, தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வருடம் ஆகப் போகிற நேரம், பதில் வராது என்று தெரிந்ததும், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடி கட்டிப் படகுகளில் ஏறித் தாங்களே தீவில் போய் இறங்கினார்கள். குருமார் கூடப் போனார்கள். இறங்கியதும் எங்கே போனார்கள்? தங்கள் பழைய கோயிலுக்கு. அங்கே செபம் சொன்னார்கள், அங்கேயே தங்கினார்கள். செபமும் போராட்டமும் அந்தச் சனத்துக்கு ஒரே பாயில்தான் நடந்தது. அடுத்த மாதம் அரசாங்கம் அவர்கள் அங்கே இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டது.

நாம் வருடா வருடம் ஆவணித் திருவிழாவுக்கு லொறி பிடித்துப் போகிற மடு மாதாவின் கதையும் வேறல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் தூக்கிக்கொண்டு ஓடிய சுரூபம் அது. 2008இல் ஷெல் விழுந்தபோது அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடம்பெயர்ந்த சனத்தோடு இடம்பெயர்ந்த மாதாவிடம் போய், காணிப் பேச்சு அரசியல் என்று யார் சொல்வது? 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்திய யோசப் வாஸ் அடிகள் இந்த நாட்டுக்குள் எப்படி வந்தார்? கூலியாள் வேடத்தில். நம்மைக் கேவலப்படுத்தச் சொல்லும் அந்த வார்த்தைக்குள்தான் ஒரு புனிதர் ஒளிந்து வந்தார்.

திருச்சபையின் எழுத்திலும் இது இருக்கிறது. 1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ, தொழிலாளர் சங்கம் அமைப்பது அவர்களின் இயல்பான உரிமை என்று எழுதினார். 1981இல் 2ஆம் அருளப்பர் சின்னப்பர், தொழிற்சங்கம் இல்லாமல் இன்றைய சமூகம் இயங்க முடியாது என்ற கருத்தில் எழுதினார். 2025இல் தெரிவான பாப்பரசர் லியோ என்ற பேரை எடுத்ததற்கே அந்த 1891 மடல் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் மலையிலும் முன்மாதிரி உண்டு. கண்டியில் 1972இல் 'சத்தியோதயம்' தொடங்கிய போல் கஸ்பர்ஸ் அடிகளை மூத்த தோழர்கள் மறக்கவில்லை. ரோமாபுரியில் சொல்லலாம், கண்டியில் செய்யலாம், நம் கோயில் முற்றத்தில் மட்டும் பேசக் கூடாதா?

எதிர்ப் பேச்சில் நியாயமும் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். சங்கம் என்று வந்தவர்கள் திருவிழாவில் மாலை வாங்கிக்கொண்டு போனார்கள். சுற்றுப்பிரகாரத்தில் எந்தச் சங்கத்துக் கொடி முன்னுக்குப் போவது என்று அடித்துக்கொண்ட தோட்டமும் உண்டு. தேர்தல் வந்தால் கோயிலுக்குத் தகரம் கொடுக்கிறவர்கள், சம்பளப் பேச்சுக்கு ஆளைக் காணோம். கமிட்டிக்காரர் பயப்படுவது இதற்குத்தான் என்றால், அந்தப் பயத்தை உண்டாக்கியது நாம்தான். நாம் திருந்த வேண்டும்.

"சங்கம் பேசினால் பங்கு பிரிந்துவிடும்" என்ற பேச்சை மட்டும் ஏற்க மாட்டேன். பங்கு இப்போது ஒன்றாகவா இருக்கிறது? முன் வாங்கில் யார் உட்காருகிறார்கள், பின்னால் பாயில் யார் உட்காருகிறார்கள்? கோயிலைக் கூட்டிக் கழுவுவது கொழுந்து எடுக்கிற பெண்கள். திருவிழாச் சாப்பாட்டுக்கு விடிய விடியச் சமைப்பதும் அவர்கள். கமிட்டியில் அவர்கள் எத்தனை பேர்? வீட்டுக்கு இவ்வளவு என்று திருவிழா வரி போடும்போது லயத்தையும் பங்களாவையும் ஒரே கணக்கில் எடுக்கிற கமிட்டி, கணக்கு வாசிக்கும்போது லயத்தைக் கூப்பிடுகிறதா?

ஆகவே நாம் கேட்பது நான்கு.

ஒன்று, பூசை முடிந்த பிறகு முற்றத்தில் பத்து நிமிடம். பலிபீடத்திலிருந்து வேண்டாம். எந்தச் சங்கமானாலும் சரி. கொடி இல்லை, மாலை இல்லை, கட்சி இல்லை. சம்பளம், சேமலாப நிதி, காணி, பிள்ளைகளின் படிப்பு, இவை மட்டும்.

இரண்டு, கோயில் கமிட்டியில் பாதி இடம் பெண்களுக்கு. அதில் மலையில் வேலை செய்கிறவர்கள் இருக்க வேண்டும்.

மூன்று, திருவிழாக் கணக்கைச் சனத்தின் முன் வாசிக்க வேண்டும். மிச்சத்தில் ஒரு பங்கு நோயாளிகளுக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் போக வேண்டும்.

நான்கு, மாதம் ஒரு நாள் பதிவேடு பார்க்கும் நாள். புத்தகம் பங்குத்தந்தை கையிலேயே இருக்கட்டும். பேர்ப் பட்டியலை நாம் கொண்டு வருகிறோம், விண்ணப்பத்தை நாம் நிரப்பித் தருகிறோம்.

இந்த நான்காவதற்கு யாருடைய அனுமதியும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 77இலும் 83இலும் வன்னிக்குப் போன சொந்தம் ஒன்று உங்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கும். அவர்கள் பேர், பிறந்த தோட்டம், ஞானஸ்நானம் எடுத்த கோயில், தெரிந்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உங்கள் தோட்டத் தலைவியிடம் கொடுங்கள். இந்துக் குடும்பம் என்றால் பாடசாலைச் சேர்வுப் புத்தகம் இருக்கிறது. அதை நாங்கள் ஆசிரியர்கள் தேடுகிறோம்.

அடுத்த ஞாயிறு நான் மறுபடியும் அதே முற்றத்தில் நிற்பேன். கமிட்டிக்காரருக்கு முதலில் வணக்கம் சொல்வேன். அவருடைய பெரியப்பா குடும்பமும் 83இல் வன்னிக்குப் போனதுதான். அவர்கள் பேரையும் பட்டியலில் எழுதித் தரும்படி கேட்பேன்.