அணைத்தும் அணையாத கணினிகள்: பழுது இயந்திரத்திலா, மென்பொருளிலா?

புனே: நிறுத்தச் சொன்னால் கணினி நிற்க வேண்டும். பயனர் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச ஒழுங்கு அதுதான். 2026 ஜனவரியில் அந்த ஒழுங்கே தடுமாறியது. ஜனவரி 13-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்பை நிறுவிய பின்னர், விண்டோஸ் 11 இயங்குதளத்தின் 23எச்2 பதிப்பில் இயங்கிய சில கணினிகள், 'ஷட் டவுன்' கொடுத்ததும் நிற்பதற்குப் பதிலாக மீண்டும் இயங்கத் தொடங்கின. ஹைபர்நேட் எனப்படும் உறக்க நிலைக்கும் அவை செல்லவில்லை. ஜனவரி 17 அன்று, வழக்கமான அட்டவணைக்கு வெளியே அவசரத் திருத்தம் ஒன்றை நிறுவனம் வெளியிட்டது.

இந்தப் பாதிப்பு எல்லாக் கணினிகளுக்கும் ஏற்படவில்லை. கணினி தொடங்கும்போதே அதன் அடிப்படை மென்பொருளில் எவரும் கைவைக்கவில்லை என்பதை உறுதிசெய்யும் 'செக்யூர் லாஞ்ச்' என்ற பாதுகாப்பு வசதி இயங்கும் கணினிகளில் மட்டுமே சிக்கல் எழுந்தது. மேலும், 23எச்2-இன் வீட்டுப் பயன்பாட்டுப் பதிப்புகளுக்கான ஆதரவு 2025 நவம்பர் 11 அன்றே முடிந்துவிட்டது. எனவே சிக்கலுக்கு ஆளானவை பெரும்பாலும் அலுவலகக் கணினிகளே. ஹிஞ்சவாடி, கராடி, மகர்பட்டா எனத் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் விரிந்து கிடக்கும் புனே போன்ற நகரத்துக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. அணைத்ததாக நம்பிப் பையில் வைக்கப்படும் மடிக்கணினி, வீடு சேரும் வரை உள்ளுக்குள் சூடேறிக்கொண்டே வரக்கூடும். உறக்க நிலையை நம்பிச் சேமிக்காமல் விட்ட கோப்பு, பேட்டரி தீர்ந்ததும் பறிபோகக்கூடும். திருத்தம் வரும்வரை பணிகளைச் சேமித்துவிட்டுக் கட்டளை வரி வழியாகக் கணினியை நிறுத்துமாறு மைக்ரோசாஃப்ட் அறிவுறுத்தியது. உறக்க நிலைக்கு மாற்றுவழி எதுவும் தரப்படவில்லை.

இதற்கு முன்பே இன்னொரு குறை இருந்தது. 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு உறங்கச் செல்பவர், காலையில் கணினி திரை ஒளிர விழித்திருப்பதைக் காண்பார். தாம்தான் தவறான பொத்தானை அழுத்திவிட்டோமோ என்று பலரும் தம்மையே சந்தேகித்தனர். புதுப்பித்த பின்னரும் கணினி நிற்காமல் போகும் அடிப்படைக் குறையைச் சரிசெய்துள்ளதாக 2025 அக்டோபர் 28-ஆம் தேதி வெளியான முன்னோட்டப் புதுப்பிப்பின் குறிப்பில் நிறுவனமே தெரிவித்தது. ஒரே வரிக் குறிப்புதான். ஆனால் அத்தனை காலமும் பழி சுமந்த பயனருக்கு அது தாமதமான விடுதலை.

குழப்பத்தின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 அறிமுகமானபோதே 'ஷட் டவுன்' என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' எனும் வசதி இயங்கும் கணினியில், நிறுத்தும்போது பயனரின் செயலிகள் மூடப்படுகின்றன. ஆனால் இயங்குதளத்தின் கருப்பகுதியான கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் பதிந்து வைக்கப்படுகின்றன. மறுநாள் கணினி புதிதாகத் தொடங்குவதில்லை. விட்ட இடத்திலிருந்து எழுகிறது. கோளாறான டிரைவர் ஒன்று இருந்தால் அதுவும் கூடவே எழும். முழுமையாக நின்று புதிதாகத் தொடங்குவது 'ரீஸ்டார்ட்' கொடுக்கும்போதுதான் என்பது இதில் உள்ள முரண். பழுதென்று அழைத்தால் தொழில்நுட்ப உதவியாளர் முதலில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வது தட்டிக்கழிப்பதற்காக மட்டும் அல்ல.

இதனை எவரும் சோதித்துப் பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சி.பி.யு. பக்கத்தைத் திறந்தால், கணினி எவ்வளவு நேரமாக இயங்குகிறது என்ற கணக்கு தெரியும். தினமும் மாலையில் அணைக்கப்படும் கணினியிலும் அது பல நாள்களைக் காட்டினால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்குகிறது என்று பொருள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒருமுறை முழுமையாக நிற்கும். அதன்பின் சிக்கல் தோன்றவில்லையெனில், கன்ட்ரோல் பேனலின் மின்சக்தி அமைப்புகளில் அவ்வசதியை நிரந்தரமாக நீக்கிவிடலாம். கணினி தொடங்கச் சில விநாடிகள் கூடும், அவ்வளவே.

அப்போதும் நிற்கவில்லையென்றால் மட்டுமே மற்றவற்றைத் தேட வேண்டும்: மூட மறுக்கும் செயலி, பழைய டிரைவர், யு.எஸ்.பி.யில் செருகிய கருவி. நிறுத்தக் கட்டளையிட்டது பயனரா, புதுப்பிப்பா என்பதை ஈவன்ட் வியூவர் பதிவேட்டில் 1074 என்ற எண் காட்டும். முறையாக நிற்காமல் துண்டிக்கப்பட்டிருந்தால் 41 என்ற எண் இருக்கும். மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பது கடைசி வழி. அதையே பழக்கமாக்கிக்கொண்டால் கோப்புகள் சிதையக்கூடும்.

பழுதுநீக்கும் கடைக்கும் இந்த வரிசை தெரிந்திருப்பது நல்லது. புதுப்பிப்பால் வந்த கோளாறுக்கு இயங்குதளத்தை மறுபடி நிறுவிக் கட்டணம் வாங்கினால், அடுத்த புதுப்பிப்புக்குப் பின் அதே கோளாறு திரும்பி வரலாம். புனேயில் அக்கடைகளின் கைத்திறன் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. கைலாஷ் கட்கரின் பழுதுநீக்கும் கடைக்கு வந்த கணினிகளில் வைரஸ் தொல்லை இருந்ததைக் கண்டு, அவருடைய தம்பி சஞ்சய் எழுதிய நிரலிலிருந்துதான் 1990-களில் குவிக் ஹீல் பிறந்தது.

பணச் செலவைவிடப் பெரிய இழப்பு நம்பிக்கையில் நேர்கிறது. ஒருமுறை கணினி நிற்க மறுத்தால், புதுப்பிப்பே வேண்டாம் என்று அதனை முடக்கிவைப்பது பலருக்கும் இயல்பாகத் தோன்றும். அதன் விலையை உலகம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை தாக்குதலைத் தடுக்கும் திருத்தம், இரு மாதங்களுக்கு முன்பு மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகள் உலகெங்கும் பூட்டப்பட்டன. ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் சில கணினிகளும் அவற்றுள் அடங்கும். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட காஸ்மாஸ் வங்கி 2018 ஆகஸ்டில் இணையத் திருட்டில் 94 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தது வேறு வகைத் தாக்குதல். ஆயினும் கணினிப் பாதுகாப்பு ஏட்டளவு விவகாரம் அன்று என்பதை இந்நகரம் அன்றே அறிந்துகொண்டது.

ஆகவே, புதுப்பிப்பை அடியோடு நிறுத்துவதைவிடச் சில நாள்கள் ஒத்திவைப்பதே ஏற்புடையது. விண்டோஸ் அமைப்புகளிலேயே அதற்கான வசதி உள்ளது. ஜனவரி விவகாரத்தில் கோளாறுக்கும் திருத்தத்துக்கும் இடையே நான்கு நாள்களே இருந்தன. நிறுவனங்களும் முதலில் சில கணினிகளில் மட்டும் நிறுவி, அவை ஒழுங்காக நிற்கின்றனவா என்று பார்த்த பின்னர் மற்றவற்றுக்கு அனுப்பலாம்.

23எச்2 பதிப்பைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ள ஆதரவுக் காலம் 2026 நவம்பர் 10 அன்று முடிவடைகிறது.