"ஐந்து நிமிடம்" என்பது எவர் கையில்?

சிறு குழந்தையை வீட்டில் தனியே விட்டுச் செல்வது குறித்துப் பேசும்போது, "ஐந்து நிமிடம்தானே" என்பதே நாம் சொல்லும் நியாயம். ஆனால் ஆபத்தை நிமிடங்களால் அளக்கவியலாது என்பதற்கு யாங்கோன் (ரங்கூன்) மாநகரின் வடபுறத்திலுள்ள ஷ்வேப்யிதா சான்றாகும்.

ஆடைத் தொழிற்சாலைகளும் அவற்றை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களும் நிறைந்த புறநகர் அது. 2021 மார்ச் 14 அன்று அங்கு இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயது வரையான ஆண்கள் அதன் வரம்புக்குள் வருகின்றனர். கைக்குழந்தைகளின் தந்தையர் பலரும் அவ்வயதினரே! கடைக்குச் சென்றவர் எப்போது திரும்புவார் என்பது அவர் கையில் மட்டும் இல்லை.

ஆகவே வெளியே செல்லுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. வீட்டினுள் என்ன இருக்கிறது? மின்வெட்டில் ஏற்றிய மெழுகுவர்த்தியும், நிரப்பி வைத்த வாளித் தண்ணீருமே ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானவை. குழந்தை அழுதால் கேட்கும் தொலைவில் எவர் உள்ளார்? சென்றவர் திரும்பாவிடின், உள்ளே குழந்தை இருப்பது எவருக்குத் தெரியும்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையெனில், ஐந்து நிமிடமும் நீண்ட நேரமே.

புலம்பெயர்ந்த எம்மவருக்கும் இது பொருந்தும். பிரித்தானியச் சட்டம் இத்தனை வயது என வரையறுக்கவில்லை. ஆயினும், தேவையற்ற துன்பமோ காயமோ நேரக்கூடிய வகையில் பிள்ளையைத் தனியே விடுவது அங்கு 1933 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். அச்சட்டமும் நேரத்தைக் கேட்கவில்லை, நிலைமையையே கேட்கிறது.

எனினும், தாயை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது, நீதியன்று. இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் அமைக்கவேண்டும் எனப் பணித்தது. 1976 இல் அவ்வெண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. உழைப்பை வாங்குபவனுக்கு உழைப்பவளின் குழந்தை மீதும் பொறுப்புண்டு என்பதே அதன் உட்பொருள்.

மியன்மாரில் தைக்கப்படும் ஆடைகள் ஐரோப்பியக் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கும் நாம், தைத்தவளின் குழந்தையை அவ்வேளையில் எவர் பார்த்துக்கொண்டார் என அந்நிறுவனங்களைக் கேட்போம். யாங்கோன் வாழ் உறவுகளே, உங்கள் வீட்டுத் திறவுகோலில் ஒன்றை நம்பிக்கைக்குரிய அயலவரிடம் இன்றே கொடுத்து வையுங்கள்.