பல்லாவரம் குகையும் பார்க்க வரும் கனவான்களும்

தாம்பரத்திலிருந்து ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே மலையில் ஒரு குகை இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த கோவில். அவனுடைய பட்டப்பெயர்கள் கல்லில் வெட்டியிருக்கின்றன. இன்று அது முஸ்லிம்களின் தர்கா.

லீவு நாட்களில் இப்படிப்பட்ட இடங்களுக்குக் காமிராவும் கையுமாகச் சில கனவான்கள் புறப்படுகிறார்கள். வரட்டும், பழைய கலையை அறியும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் பாத்தியா ஓதுகிறவர் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டுவது என்ன நாகரிகம்? தம் வீட்டுப் பூஜை அறையில் அந்நியன் இப்படி நுழைந்தால் சும்மா இருப்பாரா? போகட்டும், செருப்பைக் கழற்றி ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லி இதைத் தீர்த்துவிடலாம்.

'முதலில் இது யாருடையது?' என்று கேட்டு வைத்துவிட்டுப் போகிறாரே ஒருவர், அவர் செய்வதுதான் விஷமம். மகேந்திரவர்மனே சமணனாயிருந்து சைவனானவன் என்பார்கள். அப்படியானால் சமணர்களும் வரிசையில் வந்து நிற்கலாமா? பக்கத்துப் பரங்கிமலை மாதாகோவில் 1523ல் போர்த்துகீசியர் கட்டியது. மலையேறும் படிகளைப் போட்டவர் பெட்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வர்த்தகர். அந்தப் படியேறும் சித்தாள் எவளும் ஆர்மீனியாவிடம் அனுமதி கேட்பதில்லை!

காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு தர்காவுக்கு ஓடும் தாய்மாரில் இந்துக்களும் உண்டு. மந்திரித்தால் காய்ச்சல் தீரும் என்று நாம் சொல்லமாட்டோம். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும். ஆனால் வாசலில் அவளை யாரும் என்ன மதம் என்று கேட்டு நிறுத்துவதில்லை.

'முதலில் யாருடையது' என்று கேட்டுக் கேட்டுத்தான் 1992 டிசம்பர் 6ந் தேதி அயோத்தியில் மசூதியை இடித்தார்கள். தொடர்ந்து பம்பாய்க் கலவரத்தில் சுமார் 900 பேர் மாண்டார்கள். அவர்களில் மில் முதலாளிகள் எத்தனை பேர்?

மலைமேல் இவ்வளவு பாசமுள்ளவர்கள், திரிசூலத்திலும் பம்மலிலும் குவாரிக்காரர்கள் வெடி வைத்து மலையையே தின்றபோது எங்கே போயிருந்தார்கள்? அந்த ஜல்லிமேல்தான் பட்டணத்து மாடிகள் நிற்கின்றன. கல்லுடைத்தவன் நெஞ்சில் தூசி அடைந்து இருமினான். ராஜாவின் பெயர் குகையில் இருக்கிறது. குகையைக் குடைந்த கல்தச்சன் பெயர் எங்கே?

தோழர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காமிராவோடு வருகிறவரை மரியாதையாக அழைத்துப் போங்கள். தண்ணீர் தேங்கிய குவாரிப் பள்ளங்களையும் காட்டுங்கள். அங்கே உளி பிடித்த கிழவர் யாராவது மிஞ்சியிருந்தால், அவரிடம் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.