பாத்தியோரத்துக் குளவி

ஐந்தாம் படிவ உயிரியல் மாணவரிடம் உணவுச் சங்கிலிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். எஸ்.பி.எம். தாளில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் கேமரன் மலையில் திரிங்காப்பிலும் கோலா தெர்லாவிலும் புளூவேலி தேயிலைத் தோட்டத்துப் பக்கமும் வளரும் பிள்ளைகள் தினமும் கடந்து போகும் காய்கறிப் பாத்திகளில் அதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உயிரோடு இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுப்பார் இல்லையே என்பது என் நெடுநாள் மனக்குறை.

முட்டைக்கோஸின் வெளி இலையைப் புரட்டிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவில் பச்சைப் புழு இருக்கும். தொட்டால் துள்ளி நெளிந்து, மெல்லிய நூலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். வைர முதுகு அந்துப்பூச்சியின் புழு அது. முட்டைக்கோஸ் விளையும் நாடுகளில் இந்தப் பூச்சி இல்லாத இடம் அரிது. டி.டி.டி.க்கு இது அசராமல் நிற்கிறது என்று ஜாவாவிலிருந்து 1953-இலேயே ஆய்வுச் செய்தி வந்தது. பின்னால் வந்த மருந்துகளையும் ஒவ்வொன்றாகக் கடந்தது. மருந்தடித்த பாத்தியில் ஆயிரம் புழுவில் பத்து பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறைக்கு முட்டையிடுவது அந்தப் பத்துதான். மருந்துக்குச் சாகாத உடல்வாகு பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறது. இயற்கைத் தேர்வு என்று பாடத்தில் வருவது இதுதான். அதைக் காட்ட கலாபகோஸ் தீவுவரை போக வேண்டியதில்லை.

கேமரன் மலை விவசாயிகளும் இந்தப் புழுவோடு பல ஆண்டுகள் போராடினார்கள். மருந்தை மாற்றினார்கள், கலந்தார்கள், இடைவெளியைக் குறைத்து அடித்தார்கள். புழு குறையவில்லை. 1970-களின் நடுவில் வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். டையடெக்மா செமிகிளாசம் என்பது அதன் அறிவியல் பெயர். மனிதரைக் கொட்டி வீங்க வைக்கும் குளவி இல்லை இது. புழுவைத் தேடிப் பிடித்து அதன் உடலுக்குள் ஒரு முட்டையை வைத்துவிட்டுப் பறந்துவிடும். புழு வழக்கம்போல் இலை தின்னும், வளரும், கூடும் கட்டும். அந்தக் கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வராது, குளவி வரும்.

பூச்சியியலாளர் பீட்டர் ஊய், கேமரன் மலையில் இத்தகைய ஒட்டுண்ணிக் குளவிகள் ஆற்றும் பங்கைப் பற்றி எழுதிய கட்டுரை 1992-இல் வெளியானது. குளவியை விட்ட உடனே அதன் பலன் தெரியவில்லை. காரணம் அதே மருந்துதான். கண்டதையெல்லாம் கொல்லும் மருந்து குளவியையும் கொன்றது. இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மருந்து அடித்த மறுவாரம் பாத்தியில் என்ன நடக்கும்? பிழைத்த சில அந்துப்பூச்சிகளுக்குப் பாத்தி முழுக்கச் சாப்பாடு. பிழைத்த ஒன்றிரண்டு குளவிகளுக்கோ முட்டையிடப் புழு இல்லை. ஆகவே முதலில் பெருகுவது பூச்சிதான். அது பெருகி முடித்த பிறகே எதிரி பெருக முடியும். அதற்குள் அடுத்த மருந்து வந்துவிடுகிறது. பூச்சியை ஒழிக்க அடித்த மருந்தே பூச்சிக்குக் காவலாக நின்ற கதை இது.

பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து செய்த மருந்து புழக்கத்துக்கு வந்தபோது நிலைமை மாறியது. புழு அதைத் தின்றால்தான் சாகும். இலைமேல் வந்து உட்காரும் குளவிக்கு ஆபத்தில்லை. குளவிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது, புழுவும் அடங்கியது. இந்த மருந்தையும் அளவில்லாமல் அடித்த நாடுகளில் புழு அதற்கும் பழகிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உயிரற்ற காரணிகள் என்று புத்தகத்தில் ஒரு பட்டியல் வரும். வெப்பநிலை, ஈரம், ஒளி, மண்ணின் அமிலத்தன்மை என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். இந்தக் குளவி குளிர்ப் பிரதேசத்து உயிர். கேமரன் மலையின் சராசரி வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால்தான் இங்கே நிலைத்தது. தமிழ்நாட்டிலும் வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலைப்பகுதி முட்டைக்கோஸுக்கு இதே குளவியைப் பரிந்துரைக்கிறது. சமவெளிக்குச் சொல்வது கொட்டீசியா என்ற வேறொரு குளவியை. புழு ஒன்றுதான். ஊரின் வெப்பம் மாறினால் அதன் எதிரி மாறிவிடுகிறது. அந்தப் பட்டியல் இப்படி வந்தால் மறக்குமா?

வளர்ந்த குளவி புழுவைத் தின்பதில்லை, பூந்தேன் குடித்து வாழ்கிறது. பாத்தியோரத்தில் நான்கு பூச்செடி இல்லையென்றால் அதற்கு உணவில்லை. களை என்று ஒட்டச் சுரண்டி எடுக்கும் வரப்பில் நாம் எதை இழக்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

தேயிலைக்கு வருவோம். பிரிஞ்சாங் மலையுச்சியின் பாசிக்காட்டில் ஓர் இலை விழுந்தால் அங்கேயே மக்குகிறது. காளானும் பாக்டீரியாவும் அதைச் சிதைத்து மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. தேயிலை மலையில் கொழுந்து கீழே விழுவதில்லை. மூட்டையில் ஏறி, ஆலைக்குப் போய், பொட்டலமாகி ஊர் ஊராகப் போகிறது. இலையில் இருந்த நைட்ரஜனும் கூடவே மலையிறங்குகிறது. அதனால்தான் தோட்டத்துக்கு ஆண்டுதோறும் உரம் போட வேண்டியிருக்கிறது, காட்டுக்கு யாரும் போடுவதில்லை. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் பாட்டன் பாட்டிமார் கூடை சுமந்த மலைகள் இவை. உரம் போட்ட கைகளும் அவர்களுடையவை. நைட்ரஜன் சுழற்சியைப் படிக்கும் பேரப்பிள்ளைக்கு இந்தத் தொடர்பைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

மண் கதையும் இதே மலையில்தான். அடர்ந்த தேயிலைச் செடி மழைத்துளியைத் தாங்கி மண்ணை ஓரளவு காக்கும். அறுவடைக்கும் நடவுக்கும் இடையில் வெறுமையாய்க் கிடக்கும் காய்கறிச் சரிவுக்கு அந்தக் காப்பு கிடையாது. இந்தப் பக்கத்து நீர் தெலோம் ஆற்றில் சேர்கிறது. இயல்பாகப் போயிருந்தால் பகாங் ஆறு வழியாகத் தென்சீனக் கடலைச் சேர வேண்டிய நீர் அது. மின்சாரத்துக்காக அதைச் சுரங்க வழியில் பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பி, ரிங்லெட் ஏரியில் தேக்கி, அங்கிருந்து பேராக் பக்கம் இறக்குகிறார்கள். அந்த ஏரியின் சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் செயல்படத் தொடங்கியது. மலையிலிருந்து வரும் மண் அதில் படிந்து ஏரியின் கொள்ளளவைத் தின்றுகொண்டிருக்கிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் நிரம்பிய அணையைத் திறந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. மேட்டில் நாம் செய்வது பள்ளத்தில் இருப்பவர் வாசலுக்கு வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உயிரியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டக்காரரிடம் அனுமதி கேளுங்கள். கடைசியாக எப்போது மருந்து அடித்தார் என்று விசாரித்து, பாதுகாப்பான நாளாகப் பார்த்து மாணவர்களை அழைத்துப் போங்கள். இலையடியில் இருக்கும் கூடுகளில் இருபதைச் சேகரித்து, வாயைத் துணியால் கட்டிய போத்தலில் வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குள் எத்தனை அந்துப்பூச்சி வந்தது, எத்தனை குளவி வந்தது என்று பிள்ளைகளே எண்ணட்டும். அடிக்கடி மருந்தடிக்கும் பாத்தி ஒன்று, அதிகம் அடிக்காத பாத்தி ஒன்று என இரண்டிலிருந்தும் எடுத்து ஒப்பிடட்டும். போத்தலும் துணியும் நோட்டும் போதும். அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடலாம்.