மிளகு வாசனை பொய்யல்ல

ஒயின் ருசிப்பவர்களின் சொற்கள் வெறும் பாசாங்கு என்பவர்கள் தவறாமல் நீட்டும் சாட்சி, பிரான்ஸின் போர்தோவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்ததும், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேர் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள்.

சரி, ஏமாந்தார்கள். கண் மூக்கை ஏய்க்கும் என்பதற்குத்தான் அது சான்று.

சிரா ஒயினில் மிளகு வாசனை என்றால் சிரிக்கிறார்கள். அதற்குக் காரணமான ரோட்டண்டோன் சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அடையாளம் காட்டினார்கள். நம் அஞ்சறைப்பெட்டி மிளகில் இருப்பதும் அதேதான். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது பிடிபடுவதே இல்லை. (கேலி செய்பவர் அந்த ஐந்தாமவரோ என்னவோ!)

"கம்பீரமான ஒயின்" என்பதைத் தாராளமாகக் கிண்டலடியுங்கள். 1984-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபலும் சகாக்களும் ஒயின் மணங்களுக்கான சொற்களை வகைப்படுத்தும் வாசனைச் சக்கரம் அமைத்தபோது, அத்தகைய தெளிவற்ற சொற்களுக்கு அதில் இடமே தரவில்லை.