விற்கும் முன் நீதிமன்றம் கேட்கட்டும்

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ல் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்க வயல் தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பிழைப்புக்காகப் பெங்களூர் செல்லத் தொடங்கினர். பலர் அங்கேயே தங்கிவிட்டனர். பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்னும் பூசல் இத்தகைய குடும்பங்களில் எழுவது இயல்பே. அதில் பெரும்பாலும் பலியாவது பெண் மக்களின் பங்கும் சிறுவர்களின் பங்கும்தான்.

இறந்தவரின் சொத்தைப் பங்கிடும் முன் அதை விற்கும் அதிகாரம் யாருக்கு? 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 307-வது பிரிவில் விடை கூறுகிறது. உயிலில் குறிப்பிடப்பட்ட நிறைவேற்றுநர், உயிலின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு விற்கலாம். நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியோ, முன் அனுமதியின்றி அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. ஐந்தாண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவும் கூடாது. மீறினால், சொத்தில் உரிமையுள்ள எவரும் அந்த விற்பனையை ரத்துச் செய்யக் கோரலாம்.

ஆனால், உயில் எழுதாமல் இறந்த இந்துவின் அல்லது இந்தியக் கிறிஸ்தவரின் வாரிசுகள், நிர்வாக உரிமை ஆணை பெற்றே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஏழைகளை அலைக்கழிக்காத ஏற்பாடு என்ற வகையில் அது சரியே. எனினும், நீதிமன்றத்தின் பார்வை படாமலேயே விற்பனை முடிந்துவிட அதுவே வழி செய்கிறது.

அதனால் சட்டத்தின் மற்ற காவல்களையாவது மக்கள் அறிய வேண்டும். தந்தையின் தனிச் சொத்தில் மைனருக்குச் சேரும் பங்கைத் தாயேயானாலும் நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம். அவசியமோ, மைனருக்கு வெளிப்படையான நன்மையோ இருந்தால் மட்டுமே அனுமதி கிடைக்கும். இரண்டு அறை வீட்டை ஐந்து பேருக்குப் பிரிக்க இயலாது. அந்நிலையில் பாதிப் பங்கோ அதற்கு மேலோ உடையவர்கள் கேட்டால், வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிட நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்போது மற்ற பங்காளிகள் அதைத் தாங்களே மதிப்பு விலைக்கு வாங்கிக் கொள்ளவும் 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இடமளிக்கிறது. இறந்தவர் கொடுத்திருந்த பொது அதிகாரப் பத்திரம் அவரது மரணத்தோடு பொதுவாகச் செல்லாததாகிவிடும். அத்தகைய பத்திரத்தால் மட்டும் வீடு கைமாறாது என 2011-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உரிமை மாற்றப்படாத சுரங்க லைன் வீடு, மூன்று தலைமுறை வாழ்ந்ததாயினும், சட்டப்படி வாரிசுச் சொத்தாகாது. இறந்தவருக்கு இல்லாத உரிமையை எந்த நீதிமன்றமும் விற்க அனுமதிக்க முடியாது. அவ்வீடுகளுக்கான தீர்வு மத்திய அரசின் கையில்தான் உள்ளது. நிறுவனச் சொத்தின் எதிர்காலம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசுவோர், அங்குக் குடியிருப்போரின் பட்டா உரிமையையும் வலியுறுத்த வேண்டும்.

பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழு தங்க வயலின் லைன்களுக்கே சென்று, தமிழிலும் கன்னடத்திலும் முகாம் நடத்த வேண்டும். மைனர் பங்கு விற்பனை மனுக்களை நீதிமன்றங்கள் விரைந்து முடித்து, தொகையை அவர்கள் பெயரில் வைப்பீடாக்க உத்தரவிட வேண்டும். அனுமதி பெறுவது ஆண்டுக்கணக்கில் இழுத்தால், இடைத்தரகரின் முத்திரைத்தாளே எளிய வழியாகத் தோன்றும். அந்த நிலையை வளரவிடலாகாது.