சிப்பிப் பொடி: பச்சையா, சுட்டதா?

பழையாறு, திருமுல்லைவாசல் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் சிப்பி ஓடுகளையும் கிளிஞ்சல்களையும் பொடித்து எவ்வெவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்று வாசகர் சிலர் கேட்டுள்ளனர். கேட்பவர் யாவரும் ‘சிப்பிப் பொடி’ என்ற ஒரே சொல்லையே வழங்குகின்றனர். ஆனால் ஓட்டை அப்படியே இடித்தெடுத்த பொடி வேறு; காளவாயில் சுட்டெடுத்த பொடி வேறு. இரண்டும் வெண்மையே, பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். எனினும், ஒன்று கோழிக்கு உணவு. மற்றது குழந்தையின் கண்ணைப் பறிக்கக் கூடியது.

ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டு என்னும் பொருள். ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் அது சுடப்படும்போது கரியமில வாயு வெளியேறி, 100 கிலோ ஓட்டிலிருந்து 56 கிலோ அளவு சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் பட்டதும் அது சீறிக் கொதித்து, 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும். சுவரில் பூசிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, மீண்டும் பழைய ஓட்டின் தன்மைக்கே திரும்பிவிடும். நம் முன்னோர் இல்லத்துச் சுவர்கள் கல்போல் இறுகியது இவ்வாறுதான்.

கையிலுள்ள பொடி எதுவென்று அறிய எளிய வழி உண்டு. கைபடாமல் ஒரு சிட்டிகையைப் பீங்கான் தட்டில் இட்டுச் சில துளி நீர் விடுக. சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. சூடு எழாவிடில், வேறொரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு பிழிக. நுரைத்துப் பொங்கினால் பச்சை ஓட்டுப் பொடி. நாட்பட்டுக் காற்றேறிய சுண்ணாம்பும் பொங்கும் என்பதை மறவாதீர். நன்கு நீற்றிய சுண்ணாம்போ மஞ்சளைக் கணத்தில் சிவப்பாக்கும். ஆரத்தி கரைக்கும் தாய்மார்க்கு இதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பச்சைப் பொடியின் தலையாய பயன் முட்டையிடும் கோழிக்கே. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உள்ளது. தீனியில் அது கிட்டாவிடில் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துத் தரும். பின்னர் முட்டை தோல்முட்டையாகும், கோழியும் கால் தளர்ந்து படுத்துவிடும். முட்டை ஓடு பெரும்பாலும் இரவிலேயே உருவாகிறது. ஆகையால் மாவு போன்ற பொடியினும் நொய்யரிசி அளவுள்ள குருணையே மேல்; அது இரைப்பையில் தங்கி இரவெல்லாம் சிறுகச் சிறுகக் கரையும். நாமக்கல் பண்ணைகளில் சிப்பிக் குருணையைத் தீனியோடு கலப்பதும் இது கருதியே. வீட்டில் நாலு கோழி வளர்ப்போர் ஓடுகளை நன்கு கழுவி, உப்பும் ஊனும் நீங்க வெயிலில் பல நாள் உலர்த்தி, சிறிது நீர் தெளித்து உரலில் இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும். கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கு மட்டும் வைக்க வேண்டாம். மிகுந்த கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இடிக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்க.

கோழிக்கு ஆவது நமக்கும் ஆகாதா என்று கேட்பார் உண்டு. ஆகாது. சிப்பி தான் வாழும் நீரிலுள்ள உலோகங்களையும் சேர்த்துக்கொள்ளும். ஓட்டிலிருந்து செய்த சில மாத்திரைகளிலேயே ஈயம் காணப்பட்டதுண்டு. சித்த மருத்துவத்தில் முத்துச்சிப்பிப் பற்பம் உள்ளது மெய்யே. அது முறைப்படி சுத்தி செய்து புடமிட்டது. தகுதி பெற்ற மருத்துவர் தரத்தக்கது. உரலில் இடித்ததைப் பாலில் கலந்து பிள்ளைகளுக்குப் புகட்டுவது மருத்துவமன்று.

இனிச் சுட்ட சுண்ணாம்பு. பொங்கலுக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் இல்லங்களை வெள்ளையடிக்கிறோம். நவம்பர் 2-ஆம் நாளுக்கு முன் கல்லறைகளுக்கும் வெள்ளையடிக்கிறோம். உப்புக் காற்று வீசும் நம் பக்கத்துப் பழைய செங்கற் சுவர்களுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பே இசைவானது. சுவரின் ஈரம் வெளியேற அது வழி விடும். சிமெண்டு தடுத்துவிடுவதால் உப்பு உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொரியச் செய்யும். நீற்றும்போது நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி, சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றலாகாது. பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது. அலுமினியத்தையோ சுண்ணாம்பு அரித்துவிடும். இரும்பு டிரம் அல்லது சிமெண்டுத் தொட்டி நன்று. ஓரிரவு ஊறவிட்டு, வடிகட்டி, நனைத்த சுவரில் மெல்லிய பூச்சாக இருமுறை அடிக்க வேண்டும்.

அவ்வேளையில் சிறுவர் அருகே வரலாகாது. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடிக் கண்ணைப் புண்ணாக்கிக்கொண்ட குழந்தைகளைக் கண் மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். கண்ணில் பட்டால் அக்கணமே இமையை விரித்து, தூய நீரை விடாது அரை மணி நேரமாவது ஊற்றுக. இமையடியில் ஒட்டிய துகளை ஈரத்துணி முனையால் எடுத்துவிடுக. எலுமிச்சைச் சாறு, தாய்ப்பால், எண்ணெய் எதுவும் கூடாது. கழுவாமல் மருத்துவமனைக்கு ஓடுவதும் தவறு. போகும் வழியிலேயே சுண்ணாம்பு கண்ணுக்குள் ஆழ இறங்கிவிடும். முதலில் நீர், பிறகு மருத்துவர்.

கிணற்றில் சுண்ணாம்பு இட்டால் நோய்க்கிருமி ஒழியும் என்று வெள்ளக் காலங்களில் சிலர் நம்புகின்றனர். அதற்குரியது குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர். பெயரும் நிறமும் கண்டு மயங்க வேண்டாம்.

ஓடுகள் அனைத்தையும் அள்ளிவரவும் வேண்டாம். ஆளிக் குஞ்சுகள் நீரில் மிதந்து வந்து பழைய ஓடுகளின்மீதே ஒட்டி வளர்கின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் தூத்துக்குடியில் ஆளி வளர்ப்பை உருவாக்கியபோது, குஞ்சுகள் ஒட்டுவதற்குச் சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளையே நீரில் இட்டனர். நியூயார்க்கில் 2014-இல் தொடங்கிய இயக்கம் ஒன்று உணவகங்கள் ஒதுக்கும் சிப்பி ஓடுகளைத் திரட்டித் துறைமுக நீரிலேயே மீண்டும் இடுகிறது. ஆகவே கரையில் ஒதுங்கியதை எடுப்பதோடு நிற்க. கழிமுகத்தின் அடியில் கிடப்பதைத் தோண்ட வேண்டாம்.

இறுதியாக வயல். சிப்பிப் பொடி மண்ணுக்கு உரம் என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். புளிப்பு மண்ணுக்கு அது மெய். கேரளத்தின் குட்டநாட்டு உழவர் வயலுக்குச் சுண்ணாம்பு இடுவது அந்த மண்ணின் புளிப்பை முறிக்கவே. சீர்காழிக் கடலோர வயல்களின் குறை அதுவன்று. உவரும் களரும் ஆகும். உவரை நன்னீர் தேக்கிக் கழுவி வடிக்க வேண்டும். களருக்கு ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் கடல் புகுந்த நிலங்களை மீட்டதும் இவ்வழிகளாலேயே. களர் நிலத்தில் பச்சைப் பொடி கரையாமல் கிடக்கும். சுட்ட சுண்ணாம்போ அதன் காரத்தன்மையை இன்னும் ஏற்றிவிடும். மூட்டைக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு பிடி மண்ணை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.